ஸ்தாபனத்தின் கௌரவமும் மாணவியின் நியாயமும்

கல்லூரிகள் ஆண்டுதோறும் தயாரிக்கும் அறிக்கைகளிலும், தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் அவசரமாகத் தூசி தட்டி அடுக்கப்படும் கோப்புகளிலும், பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியில் 'இல்லை' என்று எழுதி முடிக்க முடிந்தால் நிர்வாகத்துக்கு அதைவிடப் பெரிய நிம்மதி வேறு கிடையாது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் ஒரே மதிலுக்குள் படித்து, உண்டு, உறங்கி, சிநேகித்து, பிணங்கி வாழ்கிற ஓர் இடத்தில், ஆண்டு முழுவதும் ஒருவர் மற்றொருவரிடம் ஒரு தடவைகூட வரம்பு மீறவில்லை என்று நம்புவதற்கு, மனித சுபாவத்தைப் பற்றிய அபாரமான அறியாமை வேண்டும். புகார் இல்லாமை குற்றம் இல்லாமைக்குப் பிரமாணம் ஆகாது. சொல்லப் பயந்தவர்கள், சொல்லியும் கேட்கப்படாதவர்கள், யாரிடம் சொல்வதென்றே அறியாதவர்கள் ஆகிய மூவகையினருடைய மௌனமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கலாம். ஆயினும் அதையே நற்சான்றாகக் கருதி நாமும் மகிழ்கிறோம். ஸ்தாபனங்களும் அந்த நற்சான்றைக் காப்பாற்றிக்கொள்வதையே தங்கள் கடமையாகக் கொண்டுவிட்டன.

உபாத்தியாயர் ஒருவர் தம்மிடம் படிக்க வந்த பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற செய்தி வெளிவந்தால், ஊர் கொதித்தெழுகிறது. யார் பக்கம் நிற்பது என்பதில் எவருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் குற்றம் செய்தவனும் மாணவன், குற்றத்துக்கு உள்ளானவளும் மாணவி என்று வரும்போது அந்தத் தெளிவு கலைந்துவிடுகிறது. இருவரும் அதே பள்ளியின் பிள்ளைகள். இருவர் பெயரும் அதே வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இருவருடைய பெற்றோரும் அதே வராந்தாவில், முதல்வர் அறையின் இரு பக்கங்களில், கண்ணோடு கண் பாராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 'பையனுடைய எதிர்காலம் பாழாகிவிடுமே' என்று ஒரு குரலும், 'பெண்ணுடைய வாழ்வு என்னாவது' என்று மற்றொரு குரலும் எழ, இரண்டுக்கும் நடுவில் நின்று நியாயம் சொல்லவேண்டிய நிர்வாகம், பெரும்பாலும் எது தனக்குச் சுலபமோ அதையே நியாயம் என்று தீர்மானித்துவிடுகிறது.

அந்தத் தீர்மானம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. மாணவி ஒருத்தி, பல நாள் தயங்கித் தயங்கி, தனக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் வாய் திறக்கிறாள். ஆசிரியை பதறிப்போய்த் துறைத் தலைவரிடம் சொல்கிறார், அவர் முதல்வரிடம், முதல்வர் தாளாளரிடம். மாலைக்குள் ஐந்தாறு பேருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது; எழுத்தில் மாத்திரம் ஓர் எழுத்தும் இல்லை. மறுநாள் முதல்வரின் அறையில், நீண்ட மேஜைக்கு அப்பால் பெரியவர்கள் நால்வர் அமர்ந்திருக்க, இப்பால் நிற்கும் அவளிடம் முதலில் கேட்கப்படுவது, 'ஏம்மா, அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?' என்பது. அடுத்து, 'அவனோடு ஏற்கெனவே பேசிப் பழகியிருக்கிறாயாமே?' என்பது. ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தகப்பனாரிடம், 'ஐயா, பெண்ணைப் பெற்றவர் நீங்கள். நாலையும் யோசித்துச் செய்யுங்கள். முள்ளில் சேலை பட்டாலும், சேலையில் முள் பட்டாலும், சேதம் என்னவோ சேலைக்குத்தான்' என்று இதமாகச் சொல்லப்படுகிறது. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் பையனிடமிருந்து மன்னிப்புக் கடிதம். மற்றொரு வெள்ளைத் தாளில் பெண்ணிடமிருந்து 'மேல்நடவடிக்கை வேண்டாம்' என்ற கடிதம். இரண்டிலும் பெற்றோர் கையெழுத்து. அடுத்த வாரம் அவள், 'அவளுடைய நன்மைக்காகவே', வேறு பிரிவுக்கோ வேறு விடுதிக்கோ மாற்றப்படுகிறாள்; சில மாதங்களில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயும்விடுகிறாள். அவன் அதே வகுப்பில், அதே பெஞ்சில் இருந்து தேர்வு எழுதுகிறான். நிர்வாகத்தினர் தங்கள் மனசாட்சிக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை என்றே மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இதில் மிகவும் பயங்கரமான அம்சம் அதுதான்.

அந்த முள்ளும் சேலையும் பற்றிய பழமொழியைச் சொல்லாத பெரியவர் நம்மிடையே அபூர்வம். எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிப் பெண்ணுக்குப் புகட்டப்பட்ட அந்த வாக்கு, காலப்போக்கில், முள்ளைப் பற்றி எவரும் விசாரிக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு தீர்ப்பாகவே ஆகிவிட்டது. குடும்பத்துக்கு ஊர்வாயைப் பற்றிய பயம். ஸ்தாபனத்துக்கு அடுத்த ஆண்டுச் சேர்க்கையைப் பற்றிய பயம். இந்த இரண்டு பயங்களும் ஒன்றையொன்று சந்தித்துக் கைகோத்துக்கொள்ளும் இடத்தில்தான் மேற்சொன்ன சமாதானம் பிறக்கிறது. அதற்குச் சூட்டப்படும் பெயர், 'பெண்ணின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டோம்' என்பது.

அந்தரங்கம் காப்பது வேறு, மூடிமறைப்பது வேறு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டமே சொல்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விஷயத்தில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டமும், மற்றவர்கள் விஷயத்தில் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கின்றன. ஆயின் அந்தப் பாதுகாப்பு அவளுக்கு அளிக்கப்பட்டதே ஒழிய, அவளைப் படிக்கவைத்த ஸ்தாபனத்துக்கு அளிக்கப்பட்டதன்று. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவனால் ஒரு மாணவி பாதிக்கப்பட்டபோது நடந்தது இதற்கு நேர்மாறு. எது கட்டிக்காக்கப்பட வேண்டுமோ அந்த முதல் தகவல் அறிக்கையே, அவளுடைய விவரங்களுடன், ஊரெங்கும் பரவியது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, அதிகாரிகளைக் கடிந்து, அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புக் குழு விசாரிக்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பெயரைக் காக்கவேண்டிய இடத்தில் காக்கத் தவறுகிற அதிகாரமும், குற்றத்தை எழுதவேண்டிய இடத்தில் எழுதத் தவறுகிற நிர்வாகமும், ஒரே அலட்சியத்தின் இரண்டு ரூபங்கள்.

நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கொடுமைக்கு ஆளான ஓர் அரசுத் திட்ட ஊழியரின் துயரத்திலிருந்து எழுந்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், பணியிடங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க முதன்முதலாக வழிமுறைகளை வகுத்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2013இல், அவை பாராளுமன்றச் சட்டமாயின. 2012 டிசம்பரில் டில்லியில் மாணவி ஒருத்தி கூட்டாகப் பலாத்காரம் செய்யப்பட்ட பாதகச் செயலுக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு நியமித்த பணிக்குழு, 'சக்ஷம்' என்ற பெயரில் ஓர் அறிக்கையை அளித்தது. அதன் தொடர்ச்சியாக, உயர்கல்வி நிலையங்களுக்கென்றே 2015ஆம் ஆண்டின் விதிமுறைகள் பிறந்து, 2016 மே மாதத்தில் அரசிதழில் வெளியாயின.

அந்த விதிமுறைகளை நிதானமாகப் படிப்பவர்கள், அவற்றை எழுதியவர்கள் நம் கல்லூரிகளின் நாடியை நன்கு அறிந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்வார்கள். புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூத்த பேராசிரியை ஒருவர் தலைமை வகிக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் மாணவப் பிரதிநிதிகள் மூவர், தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டு, குழுவில் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர் எவரும் அக்குழுவில் உறுப்பினராகக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்தாபனத்தின் கௌரவத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டியவர், மாணவியின் நியாயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே அதன் தாத்பரியம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். இடைக்காலத்தில் பாதிக்கப்பட்டவருக்கு மூன்று மாதம் வரை வருகைப் பதிவில் சலுகையுடன் விடுப்பு அளிக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட்ட மாணவனுக்கு நூலகம், விடுதி, உதவித்தொகை முதலிய சலுகைகளை நிறுத்துவது முதல், வளாகத்துக்குள் வரத் தடை விதிப்பது, பெயரை நீக்குவது வரை படிப்படியான தண்டனைகளும், ஆலோசனை பெறச் செய்தல், சமூகத் தொண்டு போன்ற திருத்தும் வழிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன.

ஏட்டில் உள்ள இந்தச் சிரத்தை வளாகத்துக்குள் வரும்போது வற்றிப்போகிறது. குழுவின் தலைவி, தம்முடைய பதவி உயர்வுக்கு முதல்வரின் கையெழுத்தை எதிர்பார்த்திருப்பவர். வெளியிலிருந்து வரவேண்டிய உறுப்பினர், நிர்வாகத்தின் நெடுநாளைய சிநேகிதர். வேலிக்கு ஓணான் சாட்சி. மாணவப் பிரதிநிதிகள் தேர்தலின்றி, 'நல்ல பிள்ளைகள்' என்று ஆசிரியர்களால் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள பட்டியலில், ஓய்வுபெற்றுப் போன ஒருவருடைய பெயரும், எவரும் எடுக்காத ஒரு தொலைபேசி எண்ணும் வெயிலில் மங்கிக்கொண்டிருக்கின்றன. இது சில கல்லூரிகளின் குறைபாடு மாத்திரமன்று. சட்டம் இயற்றப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர், 2023 மே மாதத்தில், பல்கலைக்கழகங்களும் அரசு அலுவலகங்களும் இக்குழுக்களை அமைத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும்படி உச்சநீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது என்றால், தேசமெங்கும் உள்ள நிலைமையை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடங்களின் விஷயம் இன்னும் கண்டிப்பானது. 2012 நவம்பர் 14ஆம் தேதி அமலுக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. 'முதலில் நாங்கள் விசாரித்து, உண்மையா என்று பார்க்கிறோம்' என்று சொல்லும் உரிமை தலைமையாசிரியருக்கும் இல்லை, தாளாளருக்கும் இல்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை அன்று. தகவலை உரிய இடத்தில் சேர்ப்பதே அவர்கள் வேலை. மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி ஒன்றின் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்காததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் ஒருவரின் வழக்கில், அறிந்தும் மௌனமாக இருப்பது சாதாரணத் தவறன்று, பெரும்பாலும் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்று 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கப்படும் சமாதானக் கடிதம், பள்ளியைப் பொறுத்தவரை, பள்ளிக்கு எதிரான சாட்சியமாகவே ஆகக்கூடியது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு; அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. பள்ளியில் குற்றஞ்சாட்டப்படுபவனும் சட்டத்தின் கண்ணில் ஒரு குழந்தைதான். அவனுடைய வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்கிறது. பதினாறு வயது நிறைந்து, குற்றமும் கொடியதாக இருந்தால் மாத்திரமே, அவனை வயது வந்தவனைப் போல விசாரிக்கலாமா என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிசீலிக்கப்படுகிறது. மற்றொரு புறம், பதினேழு வயதுப் பெண்ணும் பதினெட்டு வயதுப் பையனும் மனமொத்துப் பழகினாலும் அதுவும் போக்சோ சட்டத்தின் பிடியில் சிக்குகிறது. பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தார். நீதிமன்றத்துக்கே நிதானம் தேவைப்படுகிற இந்த விஷயத்தில், நம் பள்ளிகள் கையாளும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். அதற்கு 'ஒழுக்கம்' என்று பெயர்.

அந்த ஒற்றை அளவுகோலில்தான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன என்பது என் அபிப்பிராயம். பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிய பையனும் பெண்ணும் ஒழுக்கம் கெட்டவர்கள். நோட்டுப் புத்தகத்தில் கடிதம் வைத்தவனும் ஒழுக்கம் கெட்டவன். ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒருத்தியை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்தவனும் ஒழுக்கம் கெட்டவன். சம்மதத்துடன் நடந்ததும் பலவந்தமாக நடந்ததும் ஒரே பதிவேட்டில் ஒரே தலைப்பின் கீழ் எழுதப்படும் ஸ்தாபனத்தில், பலவந்தத்துக்கு உள்ளானவளும் குற்றவாளிக் கூண்டில் பாதி ஏறிவிட்டவளே ஆகிறாள். அவனோடு தனக்கு முன்பு சிநேகம் இருந்தது என்பது வெளிப்பட்டால், அவன் செய்த கொடுமை பின்னுக்குப் போய், அவளுடைய சிநேகமே முதற்குற்றமாக நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் வாய் திறப்பதில்லை. கண்டிப்புக்குப் பேர்போன பள்ளியில் புகார் குறைவாக இருப்பதற்குக் காரணம், அங்கே குற்றம் குறைவு என்பதாகவே இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. கண்டிப்பே வாய்ப்பூட்டாக இருக்கலாம்.

இதே மனோபாவத்தின் மற்றொரு கிளைதான், சம்பவம் ஒன்று நடந்த மறுநாளே மாணவியர் விடுதியின் கதவை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிடுவது. குற்றம் செய்தவன் ஒருவன். கட்டுப்பாடு முந்நூறு பெண்களுக்கு. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளை மாணவியர் மேல் சுமத்தலாகாது என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே கூறியிருந்தும், காப்பாளர்களின் சாவிக்கொத்து அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பூட்டினால் ஆபத்து வெளியே நின்றுவிடும் என்பதும் பிரமையே. 2025 ஜூனில் கொல்கத்தாவின் சட்டக் கல்லூரி ஒன்றில் மாணவி ஒருத்தி கொடுத்த புகார், கல்லூரிக்குள்ளேயே காவலாளியின் அறையில் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றியது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அங்கேயே தற்காலிக ஊழியராகிவிட்ட முன்னாள் மாணவர். இருவர் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள்.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறார்களிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். அவர்களில் பையன்களின் பங்கு பெண்களைவிடச் சற்றே அதிகம். பெரும்பாலோர் எவரிடமும் அதைச் சொன்னதில்லை. மாணவர் விடுதிகளில் மூத்தவர் இளையவருக்குச் செய்யும் கொடுமைகளை 'பையன்கள் விளையாட்டு' என்று தள்ளிவிடும் காப்பாளர்கள், போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு நியாயம் வேண்டாமா என்ற ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். கோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் வழக்கில், விசாரணைக் குழு அவசரகதியில் நடந்து, அவர் தம் தரப்பை எடுத்துரைக்கப் போதிய அவகாசம் தரவில்லை என்பதற்காக, உச்சநீதிமன்றம் அவருடைய பதவி நீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை மீண்டும் நடத்தும்படி அனுப்பியது. குழுக்களின் நிலையைச் சரிபார்க்கச் சொன்ன 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதுவேதான். ஒரே தீர்ப்பு இரு தரப்புக்கும் பாடம் சொல்கிறது. விதிமுறைகளின்படி, புகாரின் பிரதி ஏழு நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டும். பதில் சொல்ல அவனுக்குப் பத்து நாள் உண்டு. தீர்ப்பில் அதிருப்தி இருந்தால் மேல்முறையீடும் உண்டு. தெரிந்தே புனைந்த பொய்ப் புகாருக்குத் தண்டனையும் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாமற்போன புகாரெல்லாம் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டம் உடனேயே சேர்த்துச் சொல்கிறது. இவை ஒன்றையும் பின்பற்றாமல், ஊர்க் கோபத்துக்கு அஞ்சி, இரவோடு இரவாகப் பையன் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் நியாயம் அன்று. அவன் நிரபராதியானால் அது அநீதி. குற்றவாளியானால், அடுத்த ஊரில் ஒன்றும் அறியாத மற்றொரு கல்லூரியின் தலையில் அவனைக் கட்டிவிட்டோம் என்பதே அதன் அர்த்தம்.

'போலீஸில் வழக்கு நடக்கிறது. அது முடியட்டும்' என்பது நிர்வாகங்களின் மற்றொரு புகலிடம். ஹரியானாவின் சோனிப்பட்டில் தனியார்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவி 2015இல் அதே பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் மீது புகார் கொடுத்தாள். 2017 மார்ச்சில் கீழ்நீதிமன்றம் மூவரையும் தண்டித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம், அந்த மாணவியின் நடத்தையைப் பற்றியே கருத்துகள் சொல்லித் தண்டனையை நிறுத்திவைத்தது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் இருவருடைய தண்டனை உறுதியாகி, ஒருவர் விடுதலையானது 2022இல். ஏழு ஆண்டுகள். ஒரு பட்டப்படிப்போ மூன்று ஆண்டில் முடிந்துவிடுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவனைச் சிறைக்கு அனுப்பலாமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாளைக் காலை அவளும் அவனும் ஒரே வகுப்பில் உட்காரலாமா என்பதைக் கல்லூரிதான் தீர்மானிக்க வேண்டும், அதையும் நாளைக் காலைக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பக்கத்து இருக்கைப் பையன் இடைவிடாது துன்புறுத்த, தாயார் திரும்பத் திரும்ப முறையிட்டும், அவள் இருக்கையை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைப்பதற்கே மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. 1999இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாணவர் மாணவருக்குச் செய்யும் துன்புறுத்தலை அறிந்தும் பாராமுகமாக இருக்கும் பள்ளி பொறுப்பேற்றே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவில் 1986இல், விடுதி அறையில் உறங்கிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி அதே பல்கலைக்கழக மாணவனால் பலாத்காரம் செய்து கொல்லப்பட்ட பின், அவளுடைய பெற்றோர் போராடியதன் பலனாக, வளாகக் குற்றங்களின் கணக்கைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்ற கிளெரி சட்டம் 1990இல் வந்தது. அதன்கீழ் 2016ஆம் ஆண்டுக்காக அளிக்கப்பட்ட கணக்குகளைப் பல்கலைக்கழக மாதர் சங்கம் ஒன்று ஆராய்ந்தபோது, 89 சதவீத வளாகங்கள் பலாத்காரச் சம்பவம் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தன. கணக்குக் கேட்டால் மாத்திரம் போதாது, கணக்கு எழுதுபவனுக்கு உண்மையை எழுதும் தைரியமும் வேண்டும் என்பதற்கு அது உதாரணம்.

அந்தத் தைரியம் வரவே வராது என்று நான் நினைக்கவில்லை. வந்த கதை ஒன்று நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ராகிங் என்னும் கொடுமையை 'சீனியர்களின் தமாஷ்' என்று பேராசிரியர்களே சிரித்துக்கொண்டிருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் ஒருவர் அதற்குப் பலியான பின்னரே, மறு ஆண்டு தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறும் கல்வி நிலையத் தலைவர், அக்குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார் என்று அச்சட்டம் கூறியது. 2009இல் வந்த மானியக் குழுவின் விதிமுறைகள், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் செய்ய வேண்டிய பொறுப்பை நிர்வாகத்தின் மீதே வைத்தன. ராகிங் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் எந்த முதல்வரும் இன்று அதை விளையாட்டு என்று பகிரங்கமாகச் சொல்லத் துணியமாட்டார். மாணவர்களின் குணம் ஒரே இரவில் மாறியதால் அன்று. தலைமைப் பீடத்தில் இருப்பவரின் பொறுப்பு தட்டிக்கழிக்க முடியாததாக ஆனதால்.

அதே பொறுப்பு இங்கும் வேண்டும். உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினரைக் கல்லூரியே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை விட்டு, மாவட்ட நிர்வாகம் பட்டியலிலிருந்து நியமிக்க வேண்டும். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை 90 நாட்களுக்குள் முடிந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பவற்றைப் பெயர்கள் இன்றி ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும்; புகார்களை ஏற்று ஒழுங்காக விசாரித்த கல்லூரியைத் தரமதிப்பீட்டுக் குழு குறைவாக மதிப்பிடாமல் உயர்வாக மதிப்பிட வேண்டும். விசாரணை முடியும்வரை இடம் மாறவேண்டியவர் புகார் கொடுத்தவர் அல்லர் என்பது எழுதப்பட்ட நியதியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் என்ற வரம்பு, அதிர்ச்சியில் பேச்சிழந்த பிள்ளைகளுக்குப் போதாது. அதை நீட்ட வேண்டும். புகாரை முதலில் கேட்பவர் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவருடைய விருப்பம் என்றால் என்ன, மறுப்பு என்றால் என்ன என்பதை, ஒழுக்கத்தைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யும் நாம், வகுப்பறையில் பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்ந்தே கற்றுத்தர வேண்டும்.

இவற்றை அரசாங்கம் செய்யட்டும், நீதிமன்றம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் பிறந்தால் நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறோம். கட்டணம் எவ்வளவு, பேருந்து எந்த வழியாக வரும், விடுதியில் சாப்பாடு எப்படி, வேலை கிடைக்குமா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அவற்றோடு, உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் யார், வெளி உறுப்பினர் எங்கிருந்து வருகிறார், மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது யார், கடைசியாக அக்குழு கூடியது எப்போது என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பையனைச் சேர்க்கப் போகிறவர்களும் கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்ல முடியாத நிர்வாகத்திடம், எத்தனை பெரிய கட்டடங்களை அது காட்டினாலும், உங்கள் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.